பதினொன்றே முக்கால் பள்ளம்

எங்கள் வீட்டுக்கும் ஏழாம் நம்பர்காரர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். கம்பெனி குவார்ட்டர்ஸைக் கட்டிய கான்ட்ராக்டர் அந்தச் சுவரில் எவ்வளவு செங்கல் மிச்சம் பிடித்தாரோ தெரியாது, அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் என் மனைவி குனிந்து தேடுவாள். அதனால் நான் சொல்லப்போவதில் ஊகம் குறைவு. பாதி காதால் கேட்டது, மீதி கண்ணால் பார்த்தது.

நான் கம்பெனி ஸ்டோரில் இருப்பவன். போல்ட், வாஷர், வால்வு, குழாய் எதுவானாலும் என் முன்னால் நின்று கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணெய்க் கிணறுகளைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர். அவர் பொறுப்பில் ஐந்து கிணறுகள். ஐந்திலும் பெரியது ஏழாம் நம்பர். அவருக்கு நிழல், குடிதண்ணீர், உட்கார ஒரு கவிழ்த்த டிரம் எல்லாம் அங்கேதான் இருந்தன. அதனால் ஊரில் அவருக்கும் அதே பெயர் ஆகிவிட்டது. கடையில் கடன் சொன்னால்கூட ஏழாம் நம்பர் என்றுதான் எழுதிக்கொள்வார்கள்.

காலை ஆறு மணிக்கு ஜீப்பை எடுப்பார். ஒவ்வொரு கிணற்றிலும் பம்ப் தலையாட்டிக்கொண்டு நிற்கும். ஏணியில் ஏறி அழுத்தம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவார். சாயங்காலம் நோட்டு ஆபீசுக்கு வரும். மறுநாள் அதை ஒருவர் டைப் அடிப்பார். அதற்கு அடுத்த நாள் இன்ஜினியர் படிப்பார். கிணற்றுக்கு இன்று காய்ச்சல் வந்தால் கம்பெனிக்கு நாளை மறுநாள்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான் ஓடியது.

அப்புறம் சென்சார்கள் வந்தன. குழாயில் மாட்டிவிட்டால் ஐந்து நொடிக்கு ஒரு தரம் சூட்டையும் அழுத்தத்தையும் தானே அனுப்பும். ஆபீசில் கன்ட்ரோல் ரூம் என்று ஓர் அறையை ஒழித்து, சுவர் நிறையத் திரை வைத்தார்கள். ஏழாம் நம்பர்காரர் இதைக் கண்டு கொதிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவரோ சந்தோஷம் தாங்காமல் என் ஸ்டோருக்கே வந்தார். முட்டி வலிக்காரருக்கு ஏணி ஏறும் வேலை போனால் கசக்குமா. இனிமேல் அது பார்த்துக்கொள்ளட்டும், நான் அதைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வேலியில் ஆன்டெனாவுடன் நின்ற வெள்ளைப் பெட்டிதான் சென்சார் என்று நினைத்து, தினமும் காலையில் அதை ஈரத்துணியால் துடைத்தும் வந்தார். உண்மையான சென்சார் விரல் நீளம்தான் இருக்கும். அது குழாயின் அடிப்பக்கம் ஒரு பட்டையில் கட்டிக் கிடந்தது. அதை ஒயர் என்று எண்ணிவிட்டார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மனிதருக்குச் சோறு ஆறக் கூடாது. கிணற்றிலிருந்து வரும் எண்ணெய்க் குழாய் எப்போதும் சுடச்சுட இருக்கும். அதற்குப் போர்த்தியிருந்த தகரத்தையும் பஞ்சையும் ஏழாம் நம்பரில் ஒரு முழ நீளத்துக்கு அறுத்தெடுத்து, மேலே ஒரு இரும்புத் தகட்டைப் பற்றவைத்திருந்தார். பதினொன்றே முக்காலுக்கு மூன்றடுக்குக் கேரியரை அதில் வைத்தால், பன்னிரண்டேகாலுக்குச் சோறு அடுப்பிலிருந்து இறக்கியதுபோல் இருக்கும். பத்து வருஷமாக அந்த இடம் தேய்ந்து பளபளத்துக் கிடந்தது. சென்சார் மாட்ட வந்த ஒயர்காரர் ஐந்து கிணறுகளிலும் தேடிப்பார்த்தார். போர்வை இல்லாத, துருப்பிடிக்காத, துடைத்துவைத்த குழாய் வேறெங்கும் இல்லை. நேராக அந்தத் தகட்டுக்கு அடியில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

கன்ட்ரோல் ரூமில் திரையைப் பார்க்க உட்கார்ந்தது வேறு யாருமில்லை, ஏழாம் நம்பர்காரரின் மனைவிதான். அதுவரை டைப் செக்‌ஷனில் புருஷன் எழுதிய எண்களை அடித்துக்கொண்டிருந்தவர். ஆபீசில் எல்லோருக்கும் அவர் அக்கா. புது இன்ஜினியர் மட்டும் மேடம் என்பார். புருஷனின் கிணறுகளை மனைவி திரையில் பார்ப்பதில் எங்கள் காலனிக்குத்தான் எத்தனை குஷி. வீட்டிலும் இவர் கண்ணில், வெளியிலும் இவர் கண்ணில், பாவம் மனிதர் எங்கேதான் மூச்சு விடுவார் என்றாள் என் மனைவி.

மாட்டிய முதல் வாரமே இன்ஜினியர் பள்ளத்தைக் கண்டுபிடித்தார். ஏழாம் நம்பரின் சூடு அறுபத்தெட்டு டிகிரியில் நேர்கோடாகப் போகும். பதினொன்றே முக்காலுக்குச் சட்டென்று இரண்டு டிகிரி இறங்கும். அரைமணி நேரத்தில் பழையபடி ஏறிவிடும். தினமும் அதே நேரம். இன்ஜினியருக்குத் தூக்கம் போயிற்று. பூமிக்கு அடியில் எங்கோ வாயு சேர்கிறது, உச்சிவேளையில் அது வெளியேறும்போது குழாய் குளிர்கிறது என்று ஒரு கொள்கை வகுத்து, அதற்கு நண்பகல் குளிர்வு என்று பெயரும் வைத்தார். வாரத்துக்கு ஒரு நாள் பள்ளம் விழவில்லை என்பதையும் குறித்துக்கொண்டார். பூமிக்கு அடியிலும் வார லீவு உண்டுபோல என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கான வரைபடத்தை அச்சடித்து அக்காவின் மேஜையில் விரித்தார். வார லீவு போக இன்னும் பத்து நாட்கள் பள்ளமே இல்லை. அது மட்டுமா, போன மாதம் இருபத்து மூன்றாம் தேதி மட்டும் நான்கு டிகிரி இறங்கியிருக்கிறது. வெயில், காற்று, நிலா எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று, எதுவும் பொருந்தவில்லை, உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா என்று கேட்டார்.

அக்கா தேதிகளைப் பார்த்தார். ஆறாம் தேதி. நாத்தனார் வந்துவிட்டுப் போன மறுநாள். ஒன்பது. திரையில் உட்கார்ந்ததும் அதிகாரி ஆயிட்டியா என்று புருஷன் கேட்ட மறுநாள். பதினேழு, பதினெட்டு. அது அலமாரிச் சாவி சண்டை, இரண்டு நாள் நடந்தது, எனக்கும் நினைவிருக்கிறது. பத்துத் தேதிகளும் அவர் கோபத்தில் கேரியர் கட்டித் தராத நாட்கள். தகட்டில் சோறு சூடாவதும் அவருக்குத் தெரிந்ததுதான். இன்ஜினியர் பூமிக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தது தன் வீட்டுச் சாப்பாட்டை என்று அவருக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது.

விளங்கியதும் சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படிச் சொல்வது? எந்தெந்த நாளில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று ஆபீஸ் முழுக்க ஒட்டிவைக்கச் சொல்கிறீர்களா? அதுவும் போக, இருபத்து மூன்று என்ற தேதி அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திவிட்டது. அன்றும் அவர் கேரியர் கட்டவில்லை. ஆனால் பள்ளம் விழுந்திருக்கிறது. அதுவும் இரட்டிப்பாக.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. என் மனைவி டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"ஏங்க, போன மாசம் இருவத்தி மூணாம் தேதி மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"இருவது வருஷத்து மீட்டர் அளவைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வீங்க. போன மாசம் தின்னது ஞாபகம் இல்லையா?"

"கேன்டீன்ல சாப்பிட்டிருப்பேன்."

"கேன்டீன் சாப்பாட்டைத் தகட்டு மேல வச்சுச் சுட வச்சீங்களா? மூணு அடுக்கு நிறைய?"

பிறகு அக்கா எல்லாவற்றையும் சொன்னார். பள்ளம், தேதிகள், நான்கு டிகிரி. ஏழாம் நம்பர்காரர் முதலில் பயந்தது வேலைக்குத்தான். குழாயின் மேல் சொந்தப் பொருள் வைப்பது எழுத்துமூலமான குற்றம், வெளியே மூச்சு விடாதே என்றார். சரி, விடவில்லை, கேரியரை நிரப்பியது யார் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார் அக்கா. அதற்குத்தான் அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. யாரும் இல்லை, யாரும் இல்லை என்று முணுமுணுத்தாரே தவிர, வேறு விவரம் வரவில்லை. யாரும் இல்லாமல் நாலு டிகிரி எறங்குமா என்று அக்கா கேட்டதற்கு, வாசல் கதவு சாத்தும் சத்தம்தான் பதிலாக வந்தது.

மறுநாளிலிருந்து கேரியர் கிடையாது. பேச்சும் கிடையாது. உப்பு வேண்டுமென்றால்கூட ஏழாம் நம்பர்காரர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி என் மனைவியிடம் கேட்டார். காலிக் கேரியர் மட்டும் பழக்கதோஷத்தில் ஜீப்பின் பின்சீட்டில் ஏறி, சாயங்காலம் இறங்கிக்கொண்டிருந்தது.

திரையில் கோடு நேராகப் போயிற்று. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். இன்ஜினியரின் முகம் சுண்டிவிட்டது. வாயு தீர்ந்துவிட்டது, அடுத்து வரப்போவது தண்ணீர்தான் என்றார். எண்ணெய் வழக்கம்போல் வருகிறதே என்று நான் கேட்டேன். அதுதான் ஆபத்து என்றார். பக்கத்துக் கிணறுகளுக்கும் தண்ணீர் பரவும் முன் ஏழாம் நம்பரைச் சிமென்ட் போட்டு மூடிவிட வேண்டும், பெரிய அதிகாரி ஒப்புதல் கொடுக்க வருகிறார், எத்தனை மூட்டை கையிருப்பு என்று கூட்டத்தில் வந்து சொல்லுங்கள் என்று என்னையும் அழைத்தார். மீதி நான்கு கிணற்றைத் திரையே பார்த்துக்கொள்ளுமாம். அங்கே இருக்கும் ஆளைக் கடல் மேடைக்கு அனுப்பிவிடலாமாம்.

கடல் மேடை என்றால் நடுக்கடலில் இரும்புக் கால்களின் மேல் நிற்கும் கிணறு. இருபத்தெட்டு நாள் தண்ணீரில், இருபத்தெட்டு நாள் வீட்டில். ஏழாம் நம்பர்காரருக்கு ஆற்றுப் படகில் ஏறினாலே குமட்டும். எனக்கு மனது கேட்கவில்லை. கூட்டத்துக்கு முதல்நாள் மத்தியானம் ஜீப்பை மறித்து விஷயத்தைச் சொன்னேன். அவர் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். வயிறு ஒட்டிப்போயிருந்தது.

"வீட்ல சொல்லிடுங்க, அவங்களே எடுத்துச் சொல்லி நிறுத்திடுவாங்க" என்றேன்.

"வேண்டாங்க. நீங்களும் சொல்லாதீங்க. கடலுக்குப் போறான்னு பாவப்பட்டு அவ சோறு கட்டித் தந்தா, அது எனக்கு எறங்காது."

வீம்பு பிடித்தவர்கள் இருவருக்கும் யார் கல்யாணம் செய்துவைத்தார்களோ என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வாக்குக் கொடுத்தபடி அக்காவிடம் சொல்லவில்லை. என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவளும் யாரிடமும் சொல்லவில்லை என்பது இந்தக் கதையில் நான் இன்றுவரை நம்பாத ஒரே விஷயம்.

மறுநாள் பதினொரு மணிக்குக் கன்ட்ரோல் ரூமில் கூட்டம். ஏ.சி.யில் விரல் விறைத்தது. பெரிய அதிகாரி தலை நரைத்த மனிதர், பிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடித்துக்கொண்டே கேட்டார். இன்ஜினியர் சொல்லச் சொல்ல அக்கா திரையில் கோடுகளை மாற்றிக்கொண்டிருந்தார். நாற்பது நிமிஷம் பூமிக்கு அடியிலேயே இருந்தோம். நான் என் சிமென்ட் மூட்டைகளைச் சொன்னேன். பெரிய அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"அந்தக் கிணத்து ஆள் என்ன ஆவார்?"

"கடல் மேடைக்கு சார். நாலு வருஷத்துக்கு. ஆர்டர் ரெடியா இருக்கு."

அக்காவின் கை நின்றது. திரையில் கோடும் நின்ற இடத்திலேயே நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"சார், கையெழுத்துப் போடாதீங்க. கிணத்துல வாயுவும் இல்ல, தண்ணியும் இல்ல. அது என் வீட்டுக்காரரோட சாப்பாட்டுக் கேரியர்."

இன்ஜினியர் மெதுவாக, மேடம், இது விளையாட்டில்லை என்றார். அக்கா மேஜை போனை எடுத்து எண்ணை அழுத்தினார். கூட்டத்துக்காக அதை ஸ்பீக்கரில் வைத்திருந்தார்கள். அதை மாற்ற வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் மனம் வரவில்லை.

"ஏங்க, நான்தான்."

அந்தப் பக்கத்தில் பம்ப் தலையாட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஒன்பது நாள் கழித்து வந்த 'ஏங்க' அது.

"சொல்லு."

"கேரியர் வண்டியில இருக்கா?"

"கெடக்கு. காலியாத்தான்."

"அதை எடுத்துத் தகட்டு மேல வைங்க. இப்பவே."

"காலியா வச்சா சூடு எறங்காதும்மா. இரு, தண்ணி ஊத்தி வைக்கிறேன். அன்னைக்கு நல்லா எறங்கியிருக்குன்னு நீதானே சொன்ன."

"என்னைக்கு?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டது எங்களுக்கே தெரிந்தது. அக்கா போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். பெரிய அதிகாரி ஒருவர் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்.

"என்னைக்குங்க?"

"அதான், இருவத்தி மூணு. அந்த ஒயர்காரர் செக்கிங்குக்கு வந்திருந்தார். வாட்ச்மேனும் அவரும் பொட்டலத்தைப் பிரிச்சு உக்காந்துட்டாங்க. உங்க சாப்பாடு எங்கேன்னு கேட்டாங்க. வீட்ல தரலைன்னு சொல்ல முடியுமா? உன்னைப் பத்தி என்ன நெனப்பாங்க? மூணு அடுக்குலயும் தண்ணி புடிச்சு வச்சிட்டு, சூடாகட்டும், நீங்க சாப்பிடுங்கன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவங்க போற வரைக்கும் அது சூடாயிட்டே இருந்துச்சு."

"நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"தண்ணிதான். நல்லா சூடா இருந்துச்சு."

போனில் குழாய் திறக்கும் சத்தமும், அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் சத்தமும், கொக்கி மாட்டும் சத்தமும் கேட்டன. பிறகு இரும்பின் மேல் பாத்திரம் வைத்த ஒரு டக். அடுத்த ஐந்து நொடியில் திரையில் கோடு தலை கவிழ்ந்தது. அறுபத்தேழு. அறுபத்தாறு. நாங்கள் யாரும் வாயை மூடவில்லை. அறுபத்து நான்கில் வந்து நின்றது. இன்ஜினியர் என்ன நினைத்தாரோ, தானே கீபோர்டை இழுத்து, இருபத்து மூன்றாம் தேதிக் கோட்டை எடுத்து இன்றைய கோட்டின் மேல் வைத்தார். இரண்டும் ஒன்றாகவே இறங்கியிருந்தன.

அக்கா அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண் நிறைந்துவிட்டது. என் கண்ணும் நிறைந்தது, மறைப்பானேன். ஒன்பது நாளாகக் கட்டின புருஷன் சொல்லி நம்பாததை ஒரு விரல் நீளச் சாமான் சொல்லி நம்பிவிட்டார்.

பெரிய அதிகாரி பேனாவை மூடினார். அவரும் சின்ன வயதில் ஆபரேட்டராக இருந்தவராம். நாங்க குழாய்ல முட்டை வேக வைப்போம், அரை வேக்காடுதான் ஆகும் என்று பழைய ஞாபகத்தில் சொல்லிவிட்டு, உடனே அதிகாரி முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"சரி. வாரத்துல ஒரு நாள் வரல, அது லீவு. இந்த ஒன்பது நாளும், அந்தப் பத்து நாளும் ஏன் பள்ளம் இல்ல?"

"அன்னைக்கெல்லாம் நான் சாப்பாடு கட்டல, சார்."

"ஏன்?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதை அளக்கிற சென்சாரை இன்னும் மாட்டல, சார்."

ஏழாம் நம்பர் தப்பித்தது. அதன் ஆபரேட்டருக்கு, குழாயின் மேல் பாத்திரம் வைத்ததற்காக எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. அதைத் தட்டச்சு செய்தது அக்காதான் என்றும், கோபமில்லாமல் அடித்தார் என்றும் கேள்வி. சென்சாரைத் தகட்டிலிருந்து பத்தடி தள்ளி மாட்டச் சொல்லி உத்தரவு. இன்ஜினியர் நல்ல பிள்ளை. நண்பகல் குளிர்வைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்த மாதமே மூன்றாம் நம்பரில் ஒரு வால்வு ஒழுகுவதை அதே திரையில் பார்த்துச் சொல்லி, பெரிய சேதத்தைத் தடுத்தார். சென்சாரைக் குறை சொல்ல எதுவுமில்லை. பார்த்ததைத்தான் அது சொன்னது.

ஆனால் பத்தடி தள்ளி மாட்டியது புது சென்சார். பழையதைக் கழற்றி ஸ்டோரில் ஒப்படைக்கச் சொல்லி நான் ஒயர்காரருக்கு மூன்று முறை சீட்டு அனுப்பினேன். மூன்று முறையும் மறந்துவிட்டதாகச் சொன்னார். நான்காவது சீட்டு அனுப்ப நானும் மறந்துவிட்டேன். தகடும் அதே இடத்தில் இருக்கிறது. திரையின் ஓரத்தில் பெயரில்லாத ஒரு கோடு இன்றும் ஓடுகிறது.

சண்டை நின்றுவிட்டதா என்று கேட்காதீர்கள். சுவர் அதே சுவர்தான். கோடு நேராகப் போகும் நாளில் கன்ட்ரோல் ரூமில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும். இன்ஜினியர் அன்று மேடத்திடம் அவசர வேலை எதுவும் சொல்லமாட்டார். டீ வாங்கிவந்து சத்தமில்லாமல் மேஜையில் வைத்துவிட்டுப் போவார்.

போன வாரம் ஒரு கையெழுத்துக்காக அங்கே போயிருந்தேன். மணி பன்னிரண்டேகால். அக்காவின் சாப்பாட்டு டப்பா மேஜையில் மூடியே இருந்தது. பெயரில்லாத கோடு அசையாமல் போய்க்கொண்டிருந்தது. அன்று கேரியர் போயிருந்தது, என் மனைவியே பார்த்தாள். மூன்றாம் நம்பரில் பம்பின் பெல்ட் அறுந்து மனிதர் அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்றார் அக்கா. பேச்சு என்னிடம், பார்வை திரையில். சாப்பிட்டுவிட்டு வேலையைப் பாருங்களேன் என்றேன். பார்க்கலாம் என்றார்.

பன்னிரண்டரை ஆயிற்று. அழுத்தம், ஓட்டம் என்று ஆயிரம் எண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த இன்ஜினியர் தலையைத் திருப்பாமலேயே சொன்னார்.

"எறங்கிடுச்சு மேடம். நீங்க சாப்பிடுங்க."

அக்கா டப்பாவைத் திறந்தார்.